பொய்யைப் பிடிக்க எந்த விசாரணை முறையைத் தேர்ந்தெடுப்பது?

கிடங்கில் சரக்கு குறைகிறது, செலவுக் கணக்கில் போலி ரசீது சிக்கியிருக்கிறது, ஒருவர் மேல் புகார் வந்திருக்கிறது, இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பத்தில் ஏதோ இடிக்கிறது. நாளைக்கு ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசப் போகிறார், அவர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். போலீஸ்காரர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. மனிதவளத் துறையினர், தணிக்கையாளர்கள், காப்பீட்டு ஆய்வாளர்கள், விசாரணைக் குழுவில் பெயர் போட்டுவிட்டார்களே என்று வேண்டா வெறுப்பாக வந்து உட்காருகிறவர்கள் என்று பலர் தலையில் விழுகிறது. இவர்களுக்குப் பயிற்சி தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் கூட்டமும் பெரிது, ஆளுக்கொரு முறையைச் சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஏதாவது ஆதாரம் இருந்தால், அவரை முதலில் தடையில்லாமல் பேசவிட்டு, ஆதாரத்தைக் கடைசியில் காட்டுகிற முறைதான் முதல் தேர்வு. ஆதாரம் எதுவும் இல்லை என்றால், சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கேட்டு வாங்கி, வெளியே போய்ச் சரிபார்ப்பது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும், நெருக்கி ஒப்புக்கொள்ள வைப்பதும் வேண்டாம், முன்னது பயனில்லாதது, பின்னது ஆபத்தானது. ஏன் அப்படி என்பதுதான் மீதிக் கட்டுரை.

முகத்தைப் பார்த்தால் தெரியுமா?

பெரும்பாலானவர்களின் இயல்பான முறை இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, மூக்கைத் தடவினார், காலை ஆட்டிக்கொண்டே இருந்தார், கேள்வி கேட்டதும் தண்ணீர் குடித்தார். 2006இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள், அவற்றில் தீர்ப்புச் சொன்னவர்கள் மட்டும் 24,000 பேருக்கு மேல். சராசரியாக 54 சதவீதம் சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும். அதிலும் உண்மையை உண்மை என்று கண்டது 61 சதவீதம், பொய்யைப் பொய் என்று கண்டது 47 சதவீதம்தான். அதாவது இயல்பாகவே நாம் நம்புகிற பக்கம் சாய்கிறோம், பொய்யைப் பிடிப்பதில் நாணயத்தைவிடக் கொஞ்சம் மோசம்.

அதற்கு மூன்று வருடம் முன்பு டிபாலோ குழுவினர் பொய்யின் அடையாளங்கள் என்று சொல்லப்பட்ட 158 விஷயங்களை எடுத்து ஒவ்வொன்றும் எவ்வளவு தேறுகிறது என்று பார்த்திருந்தார்கள். பெரும்பாலானவை தேறவே இல்லை, தேறியவையும் பலவீனம். உலகத்தில் எங்கே கேட்டாலும் முதலில் சொல்லப்படுகிற அடையாளம் கண்ணைத் தவிர்ப்பது. அதற்கும் பொய்க்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

முகத்தில் நொடியின் ஒரு துண்டு நேரம் மட்டும் மின்னி மறையும் நுண்பாவனைகளைப் பிடிக்கலாமே என்பார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2008இல் போர்ட்டரும் டென் பிரிங்கேயும் சட்டகம் சட்டகமாக வீடியோவை அலசிப் பார்த்தபோது அப்படிப்பட்டவை ஏறத்தாழ 2 சதவீதம் பாவனைகளில் மட்டுமே கிடைத்தன, அதுவும் முகத்தின் ஒரு பகுதியில், உண்மையான உணர்ச்சியைக் காட்டியவர்களிடமும் அவை இருந்தன. அமெரிக்க விமான நிலையங்களில் நடத்தையைக் கவனித்து ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய திட்டமே 2007 முதல் நடந்தது. 2013இல் அந்த நாட்டு அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு, சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகும் இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, இதற்குப் போகும் பணத்தைக் குறையுங்கள் என்று அறிக்கை கொடுத்தது.

விஷயம் என்னவென்றால், விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் நிரபராதிக்கும் பயம் இருக்கும். வேலை போய்விடுமோ, பெயர் கெட்டுவிடுமோ, நம்பமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயம் கை நடுக்கமாக வெளியே வருகிறது, நாம் அதைக் குற்ற உணர்ச்சி என்று படிக்கிறோம். பழகிய பொய்யரோ நிதானமாக, நம் கண்ணையே பார்த்துப் பேசிவிட்டுப் போய்விடுவார்.

நெருக்கும் முறை: ரீட்

அடுத்தது மிகப் பிரபலமானது, பல நாடுகளில் காவல்துறையும் தனியார் நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தியது. ஜான் ரீட், ஃப்ரெட் இன்பாவ் என்ற இருவர் உருவாக்கியது, ரீட் முறை என்றுதான் பெயர். இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் சாதாரணமாகப் பேசுவதுபோல் சில குறிப்பிட்ட கேள்விகள், அவற்றுக்கு ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்து ‘இவர் பொய் சொல்கிறார்’ என்ற முடிவு. அப்புறம் ஒன்பது படிகள் கொண்ட நெருக்கடி: நீதான் செய்தாய் என்று உறுதியாகச் சொல்வது, மறுத்துப் பேச விடாமல் தடுப்பது, ‘யாராக இருந்தாலும் அந்த நிலைமையில் இப்படித்தான் செய்திருப்பார்கள்’ என்று ஒரு சமாதானக் கதை கட்டுவது, கடைசியில் ‘திட்டம் போட்டுச் செய்தாயா, இல்லை அந்த நேரத்துச் சபலமா?’ என்று இரண்டே வாசல் வைப்பது. எந்த வாசலில் போனாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, மறுக்க வேண்டாம். ஒப்புதல் கிடைக்கிறது, கையெழுத்துக் கிடைக்கிறது, கோப்பை மூடலாம். மேலே இருக்கிறவர்களுக்கும் திருப்தி. ஆனால் அடித்தளத்தைப் பாருங்கள். முதல் கட்டமே உடல்மொழியையும் பேச்சுத் தொனியையும் நம்பி நிற்கிறது, அது எவ்வளவு தேறும் என்று மேலே பார்த்தோம். 2006இல் ஆல்டர்ட் வ்ரை குழுவினர் அந்த முதல் கட்டக் கேள்விகளைச் சோதனையில் வைத்துப் பார்த்தார்கள். ரீட் முறை எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக, பொய் சொன்னவர்கள்தான் அதிகம் ஒத்துழைப்பவர்களாகத் தெரிந்தார்கள். 1999இல் காசினும் ஃபாங்கும் செய்த சோதனை இன்னும் சங்கடமானது: இந்த அடையாளங்களில் பயிற்சி பெற்ற மாணவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள், ஆனால் தாங்கள் சொன்னது சரிதான் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்குக் கூடியிருந்தது. பிரிட்டனில் நிஜமான சந்தேகநபர்களின் வீடியோவைப் போலீஸ்காரர்களுக்குப் போட்டுக் காட்டிய ஒரு ஆய்விலும், யார் அந்தப் பாடநூல் அடையாளங்களை அதிகம் நம்பினார்களோ அவர்கள்தான் அதிகம் தவறினார்கள்.

தவறான முடிவோடு இரண்டாம் கட்டத்துக்குப் போனால் என்ன ஆகும்? 1955இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மனைவி கொல்லப்பட்ட ஒரு கணவரை ரீட் தானே விசாரித்தார். அவர் ஒப்புக்கொண்டார், பிறகு மறுத்தார், மறுப்பு எடுபடவில்லை, ஆயுள் தண்டனை. அந்தக் கொலையைச் செய்தது நான்தான் என்று வேறொரு கைதி தன் வழக்கறிஞர்களிடம் சொல்லியிருந்தது அந்தக் கைதி இறந்த பிறகு வெளிவந்தது. 2012இல்தான் அந்த மாநிலம் கணவர் நிரபராதி என்று ஏற்று ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. 57 வருடம். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்டவர்களில் கால்பங்குக்கு மேற்பட்டவர்களின் வழக்கில் ஒரு பொய் ஒப்புதல் இருந்திருக்கிறது. 2017இல், இந்த முறையை முப்பது வருடத்துக்கு மேல் கற்றுக்கொடுத்து வந்த ஒரு பெரிய பயிற்சி நிறுவனமான விக்லாண்டர்-ஸுலாவ்ஸ்கி, இனிக் கற்றுத்தர மாட்டோம் என்று அறிவித்து விலகியது.

‘எங்கள் அலுவலகத்தில் கொலை வழக்கா நடக்கிறது?’ என்று கேட்கலாம். அலுவலகத்தில் பொய்யாக ஒப்புக்கொள்வது இன்னும் சுலபம். பணத்தைக் கட்டிவிட்டால் வெளியே தெரியாமல் முடித்துவிடலாம் என்று சொன்னால், செய்யாத தவறுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகத் தயாராக இருப்பவர்கள் நிறையப் பேர். வக்கீல் பக்கத்தில் இல்லை, பதிவு இல்லை, சம்பளம் நம் கையில். அதனால் ரீட் முறையை நான் எந்த நிலைமைக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அதன் சமாதானக் கதை உத்தியைத் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்ளவும்கூட.

பேசவிடும் முறை: பீஸ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கதை வேறு மாதிரி போனது. அங்கே கில்ட்ஃபோர்ட் நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் என்று குண்டுவெடிப்பு வழக்குகளில் பல வருடம் சிறையில் கிடந்தவர்களின் தண்டனைகள் 1989இலும் 1991இலும் ரத்தாயின, ஒப்புதல் வாக்குமூலங்கள் எப்படி வாங்கப்பட்டன என்பது பெரிய அவமானமாகிப் போனது. 1984ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு விசாரணைகளைப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார்கள், பதிவுகளைக் கேட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு விசாரிக்கிறவர்களின் தரம் எப்படி இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. 1992இல் பீஸ் என்ற முறை வந்தது. ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர்: திட்டமிடு, அறிமுகமாகி எதற்காகப் பேசுகிறோம் என்று விளக்கு, அவர் தரப்பைக் கேள், முடித்து வை, கிடைத்ததை மதிப்பிடு.

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, சாதாரணம்தான். ‘என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது, அவர் சொன்னதைப் பகுதி பகுதியாகப் பிரித்து விவரம் கேட்பது, முரண்பாடு இருந்தால் கடைசியில் அதை முன்னால் வைத்து விளக்கம் கேட்பது. இல்லாத ஆதாரம் இருப்பதாகப் பொய் சொல்வதற்கு இதில் இடமில்லை. விசாரிக்கிறவர் முன்முடிவோடு உள்ளே போகக்கூடாது, நோக்கம் தகவல், ஒப்புதல் வந்தால் அது உபரி. இப்படிக் கேட்டால் குற்றவாளி தப்பிவிடுவான் என்ற பயம் இயல்பு. ஆனால் 2014இல் மைஸ்னர் குழுவினர் பழைய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், குற்றம்சாட்டி நெருக்கும் முறை உண்மையான ஒப்புதலையும் கூட்டியது, பொய் ஒப்புதலையும் கூட்டியது. தகவல் திரட்டும் முறை உண்மை ஒப்புதலைக் கூட்டியது, பொய் ஒப்புதலைக் கூட்டவில்லை.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பீஸ் தன்னளவில் பொய்யைக் காட்டும் கருவி இல்லை. நல்ல, விரிவான, பதிவான ஒரு வாக்குமூலத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு வேறொன்று வேண்டும். தயாரிப்புக்கும் நேரம் பிடிக்கும்: பேச உட்காரும் நேரத்தைவிடக் கோப்பைப் படிக்கிற நேரம் அதிகமாக இருந்தால்தான் இது வேலை செய்யும், பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுமை கிடையாது. மற்ற முறைகளை வைக்க இதுதான் தளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குச் சுமை ஏற்றுவது

பொய் சொல்வது வேலை. சொன்னதை நினைவில் வைக்க வேண்டும், உண்மை வெளியே வராமல் அடக்க வேண்டும், எதிரில் இருப்பவர் நம்புகிறாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை இன்னும் கடினமாக்கினால் பொய்யர் தடுமாறுவார் என்பது வ்ரையும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்தெடுத்த வழி. நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்வது ஒரு உத்தி. இன்னும் விரிவாகப் பேசத் தூண்டுவது இன்னொன்று, உண்மை சொல்பவரிடம் சொல்ல இன்னும் சரக்கு இருக்கும். எதிர்பாராத கேள்வி கேட்பது மூன்றாவது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2009இல் வெளிவந்த ஒரு சோதனையில், சிலர் இருவர் இருவராக உணவகத்தில் நிஜமாகச் சாப்பிட்டார்கள், சிலர் அப்படிச் சாப்பிட்டதாகக் கதை தயாரித்து வந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள், என்ன பேசினீர்கள் என்ற கேள்விகளுக்குப் பொய் ஜோடிகள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்தீர்கள், அந்த இடத்தைப் படமாக வரையுங்கள் என்றதும் இரண்டு பேர் படமும் பொருந்தவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளை வைத்து 80 சதவீதம் வரை சரியாகப் பிரிக்க முடிந்தது. ஒரே கதையை இரண்டு பேர் சொல்கிறார்கள் என்றால், தனித்தனி அறையில் உட்கார வைத்து ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுப்பதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. பதில்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், உண்மை சொல்லும் இரண்டு பேரும் சின்னச் சின்ன விஷயங்களில் வேறுபடுவார்கள். அடிப்படை அமைப்பு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

2017இல் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில் சுமை முறைக்கு 71 சதவீதம், வழக்கமான முறைக்கு 56 சதவீதம் என்று வந்தது. அடுத்த வருடமே டிமோதி லெவினும் மற்றவர்களும் அந்தக் கணக்கைக் கடுமையாக விமர்சித்தார்கள், வித்தியாசம் மிகைப்படுத்தப்பட்டது என்று. சரி, 71 என்றே வைத்துக்கொள்வோம். நூறு பேர் இழப்பீடு கேட்கிறார்கள், அதில் ஐந்து பேர் பொய் என்று ஒரு உதாரணம் எடுங்கள். ஐந்தில் மூன்று, நான்கு பேரைப் பிடிப்பீர்கள். மீதி 95 நேர்மையானவர்களில் 27, 28 பேரையும் பொய்யர் என்று முத்திரை குத்தியிருப்பீர்கள். நீங்கள் கையைக் காட்டிய ஆட்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். 71 என்ற எண்ணை விளம்பரத்தில் பார்க்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

பின்னாலிருந்து சொல்லச் சொல்வது எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை. சோதனைச் சாலையில் கல்லூரி மாணவர்களிடம் ஓடுகிற விஷயம் அது. வயதானவர், பதற்றத்தில் இருப்பவர், தாய்மொழி அல்லாத மொழியில் பதில் சொல்கிறவர், நிஜமாகவே ஒரு அதிர்ச்சியைச் சந்தித்து வந்தவர் எல்லோரும் அதில் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தை மதிப்பெண்ணாகப் போட்டால் மறுபடியும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற இடத்துக்கே வந்து நிற்போம்.

ஆதாரத்தைக் கடைசியில் காட்டுவது

ஸ்வீடனில் பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக், மரியா ஹார்ட்விக் போன்றவர்கள் வளர்த்தது இது. யோசனை எளிமையானது: குற்றம் செய்தவர் எதை மறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார், செய்யாதவர் நடந்ததைச் சொன்னால் போதும் என்று வருகிறார். நம்மிடம் என்ன இருக்கிறது என்பது தெரியாத வரை இரண்டு பேரும் வேறு வேறு மாதிரிப் பேசுவார்கள்.

ஒரு உதாரணம். கிடங்கிலிருந்து மூன்று மடிக்கணினிகள் காணவில்லை. ஒரு ஊழியரின் அட்டை வெள்ளிக்கிழமை மாலை 7.40க்குக் கிடங்குக் கதவைத் திறந்திருக்கிறது. பெரும்பாலான விசாரணையில் முதல் வரியே ‘வெள்ளிக்கிழமை 7.40க்கு உள்ளே போயிருக்கிறீர்கள், எதற்கு?’ என்பதுதான். போச்சு. எடுத்தவராக இருந்தால், ‘ஆமாம், என் சார்ஜரை மறந்து வைத்துவிட்டேன், எடுக்கப் போனேன்’ என்று அந்த இடத்திலேயே ஒரு கதை தைத்துவிடுவார். நிரபராதி ஒருவர் சார்ஜர் எடுக்கப் போயிருந்தால் அவரும் அதையேதான் சொல்லுவார். இருவரையும் பிரிக்க இருந்த ஒரே வாய்ப்பைக் கேள்வியிலேயே செலவழித்துவிட்டோம்.

மாற்றிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று முதலில் முழுதாகக் கேட்பது. பிறகு வேலை முடிந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், அதன்பின் எங்கேயாவது போனீர்களா. அப்புறம் கிடங்கு வேலை உங்களுக்கு உண்டா, கடைசியாக எப்போது போனீர்கள், உங்கள் அட்டையை யாரிடமாவது கொடுத்ததுண்டா, தொலைந்ததுண்டா. கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் ‘அட்டையை நண்பரிடம் கொடுத்தேன்’ என்ற வாசல் திறந்திருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், நிரபராதிக்கு அது நியாயமான வாசல், எடுத்தவர் அதைப் பின்னால் புதிதாகக் கட்டிச் சொல்ல முடியாது. இதெல்லாம் பதிவான பிறகு அட்டைப் பதிவை மேஜையில் வைப்பது, அதையும் மொத்தமாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக: அன்று மாலை கிடங்குப் பக்கம் உங்களைப் பற்றி ஒரு தகவல் இருக்கிறது என்பது முதலில், அட்டை என்பது பிறகு, நேரம் கடைசியில். ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டேன், கிடங்குக்குப் போய் மாதமாகிறது, அட்டை என்னிடம்தான் இருந்தது என்று சொன்னவருக்கும் 7.40க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு உங்கள் உள்ளுணர்வு தேவையில்லை, அறையில் இல்லாத ஒருவர் பதிவைக் கேட்டாலும் அதே இடைவெளி அங்கே இருக்கும்.

2006இல் ஸ்வீடன் காவல் பயிற்சி மாணவர்கள் 82 பேரை வைத்துச் சோதித்தார்கள். இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் 85.4 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பெறாதவர்கள் 56.1. இதுவும் சோதனைச் சாலை எண்தான், நிஜத்தில் அப்படியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் இரண்டு குழுவிடமும் இருந்தது ஒரே ஆதாரம், எப்போது காட்டினார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள்.

இடறும் இடங்களும் உண்டு. ஆதாரமே இல்லாமல் இருப்பதுபோல் நடிப்பது இந்த முறை இல்லை, அது வெறும் மிரட்டல். ஆதாரம் தவறாக இருக்கலாம்: கடிகாரம் தப்பாக ஓடும் கதவுக் கருவிகள் உண்டு, ஒருவர் திறந்த கதவில் இன்னொருவர் நுழைவது தினமும் நடக்கிறது. சரியாக நினைவில்லாமல் தவறாகச் சொல்வதும் பொய் சொல்வதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், மூன்று மாதம் கழித்து விசாரித்தால் இந்தக் குழப்பம் தவிர்க்கவே முடியாது. இன்னொன்று, சில இடங்களில் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி ஆவணங்களை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். விதி அப்படி இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், உத்திக்காக விதியை வளைத்தால் முழு விசாரணையும் பின்னால் செல்லாமல் போகும். முதற்கட்டத் தகவல் திரட்டும் பேச்சிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டு முடிக்கலாமா என்று விதி தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் ஒன்றுமே இல்லை என்றால்

அப்போது சரிபார்ப்பு அணுகுமுறை. கலிட் நஹாரியும் வ்ரையும் ஃபிஷரும் 2014இல் சோதித்தது: பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, ‘நீங்கள் சொல்வதில் எதையெல்லாம் சரிபார்க்க முடியும் என்று பார்க்கப் போகிறோம், அப்படிப்பட்ட விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. யாரோடு பேசினேன், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, எந்தக் கடையில் பில் போட்டேன், எந்தக் கேமரா முன்னால் நின்றேன். உண்மை சொல்பவர் இதைக் கேட்டதும் இன்னும் கொட்டுவார். பொய் சொல்பவருக்கு விவரம் நிறையச் சொல்லவும் ஆசை, சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் உண்டு, அதனால் சரிபார்க்க முடியாத விவரமாகச் சொல்லி நிரப்புவார்: வானம் எப்படி இருந்தது, என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன், வழியில் போன முகம் தெரியாத ஒருவர்.

எதிராளியிடம் உத்தியை மறைக்க வேண்டியதே இல்லை என்பது இதன் அழகு, சொன்னால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இழப்பீட்டு விண்ணப்பம், விடுப்புக் காரணம், வேலை அனுபவம் பற்றிய கூற்று போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் நீங்கள் நிஜமாகவே போய்ச் சரிபார்க்க வேண்டும், விவரங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது. அன்று முழுக்க வீட்டில் தனியாகத் தூங்கினேன் என்று சொல்கிற நேர்மையானவரிடம் சரிபார்க்க ஒன்றுமே இருக்காது, அவர் என்ன செய்வார்?

2002இல் பார்க், லெவின் முதலானோர், நிஜ வாழ்க்கையில் ஒரு பொய்யை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். மூன்றாம் ஆள் சொன்ன தகவல், கையில் கிடைத்த சான்று, அவரே பின்னால் ஒப்புக்கொண்டது என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நடத்தையைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் மிகச் சொற்பம். விசாரணை அறைக்கு வெளியே இருக்கிற வேலைதான் பெரியது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவிகளைப் பற்றி இரண்டு வரி போதும். பாலிகிராஃப் பதற்றத்தை அளக்கிறது, பொய்யை அல்ல. சோவியத் ஒன்றியத்துக்கு உளவு பார்த்த சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் அதில் தேறினார். அமெரிக்காவில் 1988ஆம் வருடச் சட்டம் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்கள்மேல் அதைப் பயன்படுத்தத் தடை போட்டிருக்கிறது, இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்றது. எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் சொற்களை வைத்துப் பொய் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஸ்கேன் என்ற முறையும் விற்பனையில் இருக்கிறது. அதைச் சுயேச்சையாகச் சோதித்தபோது குருட்டாம்போக்கைத் தாண்டவில்லை.

ஆக, நாளைக்கே உட்கார வேண்டும் என்றால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஆவணமோ பதிவோ சாட்சியோ ஏதாவது இருக்கிறது, கொஞ்சம் நேரமும் இருக்கிறது: பீஸ் தளத்தில், ஆதாரத்தைக் கடைசியில். இரண்டு மூன்று பேர் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: தனித்தனியாக உட்கார வைத்து, எதிர்பாராத கேள்வி, படம் வரைதல். ஒன்றுமே இல்லை, ஆனால் சரிபார்க்க ஆளும் நேரமும் இருக்கிறது: சரிபார்ப்பு அணுகுமுறை. ஆதாரமும் இல்லை, சரிபார்க்க நேரமும் இல்லை, அரை மணி நேரத்தில் முடிவு வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது: அவர் சொன்னதைப் பதிவு செய்து, உறுதிசெய்ய இயலவில்லை என்று எழுதிக் கொடுங்கள். இது யாருக்கும் பிடிக்காத அறிக்கை, நான் அறிந்தவரை அந்த நிலைமையில் எழுதக்கூடிய ஒரே நேர்மையான அறிக்கையும் அதுதான். எந்த வழியில் போனாலும் முழுப் பேச்சையும் ஒலிப்பதிவோ வீடியோவோ செய்யுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் அல்ல. ஒப்புதல் எப்படி வந்தது என்பது அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கும்.

பயிற்சிக்கு ஆள் கூப்பிடப் போகிறீர்கள் என்றால், அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் முறையில் இத்தனை சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தோம் என்று எண் சொல்வார், தொண்ணூறுக்கு மேல்தான் சொல்வார். அந்த ஆட்கள் உண்மையில் பொய் சொன்னார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ‘பின்னால் ஒப்புக்கொண்டார்களே’ என்று பதில் வந்தால், யாரிடம் ஒப்புக்கொண்டார்கள், உங்கள் முறையில் விசாரித்த ஆளிடமா என்று அடுத்துக் கேளுங்கள். அதற்கும் ஆமாம் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.